குறைந்துபோன பன்னிரண்டு குதிரை

ராயகிரி செல்லப்பாவுக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது என்று சங்கரன்கோவில் லாரி ஸ்டாண்டில் ஒரு பேச்சு இருந்தது. பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியை, கொட்டுகிற மழையில், வைப்பர் நின்றுபோன பிறகும் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஆரியங்காவு கணவாய் தாண்டிக் கொல்லம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவன். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வாய் ஓயாது. பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளோடு பேசுவான். இல்லாவிட்டால் லாரியோடு பேசுவான். அப்படிப்பட்டவன் பின்னாளில் உச்சிப்பொழுதில் ஒரு ரோட்டில் தனியாக நிற்க மாட்டேன் என்று ஆகிப்போனான். மத்தியான வேளையில் அவனை எங்காவது அனுப்ப வேண்டுமென்றால் துணைக்கு இன்னொரு ஆளும் போக வேண்டும். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். நடந்ததைக் கேட்ட பிறகு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனைத் தன் காருக்கு டிரைவராக அழைத்துக்கொண்டவர் ஆறுமுகச்சாமி. புளியங்குடி ரோட்டில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பாக்டரி வைத்திருந்தார். சுற்றுப்பட்டுக் கரிசல்காட்டுப் பருத்தி முக்கால்வாசி அவருடைய வாசலுக்குத்தான் வரும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலில் ஒரு மோதிரம், நிதானமான பேச்சு. ஒரே மகள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை மஞ்சள்காமாலையில் போய்விட்டது. செல்லப்பா வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் நடந்தது அது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்த வண்டியை ஓட்டியவனும் அவன்தான். அன்றைக்கு மட்டும் அவன் பேசவில்லை. வழியெல்லாம் ஆறுமுகச்சாமி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். "நேத்து வரைக்கும் ஓடிட்டு இருந்த உசுரு எங்கல போகும், செல்லப்பா?"

செல்லப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருஷம், எழுபத்துமூன்றில், மெட்ராஸுக்குப் போன இடத்தில் அவர் அந்தக் காரை வாங்கினார். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கக்காரர் விட்டுவிட்டுப் போன வண்டி. ஜெர்மனியில் செய்தது. கரும்பச்சை நிறம், இரண்டே ஸீட், தரையோடு தரையாகப் பதுங்கின உடம்பு, ஸ்டியரிங் இடது பக்கம். முகப்பில் விளக்கே தெரியாது. உள்ளே ஒரு லிவரைப் பிடித்துத் தள்ளினால் இரண்டு விளக்குகளும் ஒரே பக்கமாக உருண்டு திறக்கும். தூங்குகிறவன் திடீரென்று விழித்துப் பார்ப்பதுபோல இருக்கும். செல்லப்பாவுக்கு வண்டி பிடித்தது. அந்த விளக்கு மட்டும் முதல் நாளே பிடிக்கவில்லை.

"நூத்திரெண்டு குதிரைச் சக்தி, ஏலே. அந்த வெள்ளக்காரரு கையப் பிடிச்சுச் சொன்னாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார் ஆறுமுகச்சாமி. மகள் போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான். அவர் மனைவி பார்வதியம்மாள்கூடச் செல்லப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அவுக கேக்கும்போதெல்லாம் கூட்டிட்டுப் போ, செல்லப்பா. அலுத்துக்கிடாத" என்றாள்.

சங்கரபாண்டியன் வந்தது அந்த மாசிமாதம். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் இன்ஜினியர். ஜெர்மனியில் சில வருஷம் இன்ஜின் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பியவர். பஞ்சு பார்க்க வந்தவர் காரைப் பார்த்ததும் பஞ்சை மறந்துவிட்டார். பானட்டைத் திறக்கச் சொல்லி, குனிந்து பார்த்து, பழைய சிநேகிதனைக் கண்டதுபோல இன்ஜினைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல வண்டி அண்ணாச்சி. தொண்ணூறு குதிரை."

"நூத்திரெண்டு" என்றார் ஆறுமுகச்சாமி.

"அங்க தொண்ணூறுன்னு சொல்லித்தான் விப்பான். நான் பாத்திருக்கேன்லா."

"அப்பம் அமெரிக்காக்காரன் எங்கிட்டப் பொய் சொல்லிட்டானா?"

"அவனும் பொய் சொல்லல. இதே வண்டிய அமெரிக்காவுல நூத்திரெண்டுன்னுதான் விக்கான். இன்ஜின் ஒண்ணுதான். அளக்குத விதம் வேற." சங்கரபாண்டியன் கையைத் துடைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். "அமெரிக்காக்காரன் இன்ஜினை மட்டும் தனியா ஸ்டாண்டுல ஏத்தி, ஒரு ரூமுக்குள்ள வச்சு அளப்பான். பேன் கெடையாது. ஏர் பில்டர் கெடையாது. சைலன்ஸர் கெடையாது. டைனமோவுக்கு வேல கெடையாது. சொமை தூக்குதவனச் சட்டையக் கழத்தி, செருப்பக் கழத்தி, வெறும் ஆளா ஓடவிட்டுப் பாக்குத மாதிரி. ஜெர்மன்காரன் வண்டிக்குள்ள எது எது மாட்டியிருக்குமோ அம்புட்டையும் மாட்டித்தான் அளப்பான். ரோட்டுல எப்படி ஓடுமோ அப்படி. அதுல பன்னெண்டு கொறஞ்சிருது."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"போதாததுக்குக் குதிரையே வேற. இங்கிலீஷ்காரன் குதிரை ஒரு செகண்டுல எழுவத்தாறு கிலோவ ஒரு மீட்டர் தூக்கும். ஜெர்மன் குதிரை எழுவத்தஞ்சுதான் தூக்கும். அவன் தொண்ணூறுன்னா இவன் கணக்குல எம்பத்தொம்பதக்கூட எட்டாது. அப்புறம் அங்கத்தக் குளிரு என்ன, நம்ம சித்திர வெயிலு என்ன? சூட்டுல காத்து லேசாயிரும். இன்ஜின் இழுக்குத மூச்சுல சத்து இருக்காது. நம்ம பெட்ரோலும் அந்த ஜாதி இல்ல. மொத்தத்துல இங்கன ஓடுதது எந்தப் பேப்பருலயும் இல்லாத ஒரு கணக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆறுமுகச்சாமி சிரிக்கவில்லை.

"அந்தப் பன்னெண்டு எங்கன இருக்கு?"

"எங்கயும் இல்ல அண்ணாச்சி. பேனைச் சுத்துததுல கொஞ்சம் போகுது, புகையத் தள்ளுததுல கொஞ்சம் போகுது..."

"போகுதுன்னா இருக்குன்னுதான அர்த்தம்? இல்லாதது எப்படிப் போகும்?"

சங்கரபாண்டியன் பதில் சொல்ல வாயெடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சைப் பஞ்சுக்கு மாற்றினார். பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிய அன்று காரின் கண்ணாடியில் பார்த்த அதே முகத்தைச் செல்லப்பா மறுபடியும் பார்த்தான்.

மறுநாள் காலையிலேயே வண்டி முகம்மது மைதீனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. மைதீன் பாய் நல்ல மெக்கானிக், அதைவிட நல்ல மனுஷர். ஏர் பில்டரைக் கழற்றச் சொன்னபோது, "தூசியெல்லாம் உள்ள போயிரும் மொதலாளி, இன்ஜின் அரிச்சுப்போகும்" என்றார். ஆறுமுகச்சாமி பக்கத்திலேயே நின்று கழற்ற வைத்தார். அடுத்த வாரம் சைலன்ஸர்.

சைலன்ஸர் போன பிறகு வந்த சத்தம் செல்லப்பா அதுவரை கேட்டறியாதது. வெறும் இரைச்சல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அடித்தொண்டையிலிருந்து ஒரு ஜீவன் எதையோ கூப்பிடுவதுபோல இருந்தது. ரதவீதி முனையில் வண்டி திரும்பினால் நிழலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து குரைக்காமல் ஓடின. கைப்பிள்ளைக்காரிகள் கதவைச் சாத்தினார்கள். ஊருக்குள் ஓட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் வந்து சொன்னார்கள். ஆறுமுகச்சாமி மறுக்கவில்லை. அதற்குப் பிறகு மத்தியானத்தில் மட்டும், ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில், ஊருக்கு வெளியே கரிசல்காட்டைப் பிளந்துகொண்டு நேராகப் போகிற ஒரு ரோட்டில் ஓட்ட வைத்தார். பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த மிளார்க் குச்சி மட்டும் நிற்கிற காடு. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கானல் நெளியும்.

அங்கேதான் ஒருநாள் அவர் சொன்னார்: "கேக்கியால?"

"என்னது மொதலாளி?"

"பக்கத்துல ஓடி வருது பாரு."

சத்தத்தில் செல்லப்பாவுக்கு அவர் பேசுவதே பாதிதான் கேட்டது. அவர் கை காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தான். ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், காட்டுக்குள், தரையோடு ஒரு புழுதி நீளமாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. ஒரு மிளார் அசையவில்லை. வண்டிக்கு முன்னேயும் போகாமல் பின்தங்கவும் செய்யாமல் அது கூடவே வந்தது. அவன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். புழுதியும் தளர்ந்து, அப்படியே தரையில் படிந்துவிட்டது.

"ஏன் நிறுத்துன?" என்று கேட்டார் அவர், கோபமில்லாமல். "அந்தப் பன்னெண்டாலயும் வண்டில வந்து சேர முடியல. இன்னும் நம்ம பாரம் கொறையணும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தன் மனைவி பேச்சியிடம் இதைச் சொன்னான். "காட்டுக்குள்ள ஆடு கீடு ஓடியிருக்கும்" என்றாள் அவள். ஆடுதான் என்று அவனும் நினைத்துக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து வண்டிக்குள் அவன் வாய் பேசுவது நின்றுபோயிற்று.

பாரம் குறைகிற வேலை வண்டியோடு நிற்கவில்லை. முதலில் அவர் செருப்புப் போடுவதை விட்டார். பிறகு மோதிரம், கைக்கடிகாரம். பாக்டரிக்குப் பருத்தி கொண்டுவருகிற சம்சாரிகளோடு பேச்சுக் குறைந்து, ஒரு சொல்லுக்கு மேல் சொன்னால் ஏதோ கரைந்துபோய்விடும் என்பதுபோல ஆகிவிட்டார். இலையில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் மோர் மட்டும் குடித்தார். உடம்பு சருகாக வற்றியது. ஆனால் கண்ணில் சோர்வு இல்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். நாடி பார்த்தவர், "ஒரு நோவும் இல்ல. நாடி சின்னப் பிள்ளைக்கு ஓடுத மாதிரில்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே எழுந்து போனார்.

பங்குனி முடிவில் ஒரு காலை பார்வதியம்மாள் பெட்டியோடு வாசலில் நின்றாள். சிவகிரியில் அவள் பிறந்த வீடு. அங்கே கொண்டுபோய் விடச் சொன்னாள். பழைய அம்பாசடரில் போனார்கள்.

"எதும் சண்டையா அம்மா?" என்று பாதி வழியில் செல்லப்பா கேட்டான்.

"சண்ட போட்டா நல்லாருக்குமே." அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேத்துச் சாயங்காலம் அவுகளுக்கு மோரு கொண்டு போனேன். என்ன ரொம்ப நேரம் பாத்தாக. ஒரு சாமானப் பாக்குத மாதிரி. 'ஒன்ன எதுக்கு எம்மேல பூட்டியிருக்கு, பார்வதி?'ன்னு கேட்டாக."

செல்லப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"கோவத்துல கேக்கல, செல்லப்பா. நெசமாவே தெரியாம கேட்டாக. நான் என்ன பதில் சொல்ல? எனக்கும் தெரியலயே." அப்போதுதான் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ அவுகள விட்டுட்டுப் போயிராத" என்றாள்.

அவன் போகவில்லை. போயிருக்கலாம், லாரி ஸ்டாண்டில் அவனுக்கு எந்நேரமும் வேலை இருந்தது. பேச்சியும் போகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அம்மாவிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

டைனமோவைக் கழற்றினார்கள். பேனைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு மைதீன் பாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இனிமே என்னால ஆகாது மொதலாளி. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன், இது நல்லதுக்கில்ல." செல்லப்பாவைத் தனியே இழுத்து, "வே, இப்பவே கொஞ்ச தூரம் ஓடினாலே தண்ணி கொதிக்கும். பெல்ட்டையும் எடுத்துட்டா தண்ணி பம்பு சுத்தாது, இன்ஜின் இறுகிரும். பாத்துக்கிடும்" என்றார்.

வண்டி பாக்டரியின் பின்பக்கக் குடோனில், பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே நிற்கும். சாயங்காலம் விளக்கை மூடி, கதவைப் பூட்டிச் சாவியை மாட்டிவிட்டுத்தான் செல்லப்பா வீட்டுக்குப் போவான். சித்திரை பிறந்த பிறகு, காலையில் கதவைத் திறந்தால் விளக்குகள் இரண்டும் உருண்டு திறந்திருக்கும். அந்த லிவர் இறுக்கமானது. கையால் பலமாகத் தள்ளினால்தான் நகரும். முதலாளிதான் வந்து திறந்திருப்பார் என்று நினைத்தான். ஒருநாள் வேண்டுமென்றே வாசலில் பஞ்சைப் பரத்திவிட்டுப் போனான். காலையில் பஞ்சு பரத்தினது பரத்தினபடி இருந்தது. விளக்குகள் திறந்திருந்தன. அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று இருந்தது அவனுக்கு.

அந்த நாள் வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குடோனுக்குள் செல்லப்பா போனபோது ஆறுமுகச்சாமி பானட்டைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார். கையில் அரிவாள். அறுபட்ட பேன் பெல்ட் தரையில் செத்த பாம்புபோலக் கிடந்தது.

"மொதலாளி, வேண்டாம். பாய் சொன்னாருலா."

"ஏறுல" என்றார்.

வழக்கமான ரோடு. வண்டி அன்றைக்கு எடுத்த எடுப்பில் பறந்தது. அது நிஜம், செல்லப்பா அதைச் சாகும்வரை சொல்வான். அத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனின் காலுக்குத் தெரியாதா? ஆக்ஸிலேட்டரைத் தொட்டவுடன் யாரோ முன்னால் பூட்டி இழுப்பதுபோலப் போயிற்று. ஒரு வேப்பமரத்தடி வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார்.

"எறங்கு."

"மொதலாளி?"

"நீயும் பாரந்தாம்ல." சொன்ன குரலில் கனிவு இருந்தது. அவன் தோளைத் தொட்டார். கை எடையே இல்லாமல் இருந்தது. ஒரு இலை விழுந்ததுபோல. "பயப்படாத. ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவன் இறங்கினான். அது ஏன் என்று பிற்பாடு போலீஸ் கேட்டது, பேச்சி கேட்டாள், அவனே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டான். சாவியைப் பிடுங்கியிருக்கலாம். அந்த மெலிந்த மனுஷரைத் தூக்கி வெளியே வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கை தோளில் பட்டபோது எதிர்க்கத் தோன்றவில்லை. ஆறுமுகச்சாமி நகர்ந்து டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று அன்றுவரை செல்லப்பாவுக்குத் தெரியாது.

வண்டி போனது. கானலுக்குள் நெளிந்து, உடைந்து, பச்சைப் புள்ளியாகி மறைந்தது. சத்தம் மட்டும் மறையவில்லை. தூரம் போகப்போகத் தேய வேண்டிய சத்தம், வண்டி பக்கத்திலேயே நிற்பதுபோல ஒரே அளவில் கேட்டுக்கொண்டிருந்தது. செல்லப்பா காதைப் பொத்தினான். பொத்தினபோதும் கேட்டது. பிறகு, அறுத்துப் போட்டதுபோல நின்றது. அந்த அமைதியில் அவன் மூச்சுவிடும் சத்தம் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஓடினான். ரோட்டிலிருந்து டயர்த் தடம் வலப்பக்கம் பிரிந்து, வற்றிக் கிடந்த குளத்துக்குள் இறங்கியிருந்தது. குளத்தின் நட்டநடுவில் வண்டி நின்றது. கதவு இரண்டும் சாத்தியிருந்தன. கண்ணாடி ஏற்றியிருந்தது. பட்டப்பகலில் விளக்குகள் இரண்டும் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. பானட்டில் கையை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. கதவைத் துண்டால் பிடித்துத் திறந்தான். டிரைவர் ஸீட்டில் வேட்டியும் சட்டையும் மடித்து வைத்திருந்தன, வெளுத்து வந்ததுபோல. ஸீட்டைத் தொட்டான். சித்திரை உச்சி வெயிலில், மூடிய வண்டிக்குள், அந்த ஸீட் பானைத் தண்ணீரைத் தொட்டதுபோலக் குளிர்ந்திருந்தது.

குளத்து மண் மாவுபோல இருந்தது. அதில் டயர்த் தடம் இருந்தது. செல்லப்பா ஓடிவந்த காலடி இருந்தது. வேறு காலடி இல்லை.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. சுழிக்காற்று அடித்துத் தடம் அழிந்திருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். அப்படியென்றால் டயர்த் தடம் ஏன் அழியவில்லை என்று செல்லப்பா கேட்டதற்கு ஒரு அறை விழுந்தது. சுற்றியிருந்த கிணறுகளில் ஆள் இறக்கித் தேடினார்கள். மலையடிவாரம் வரை தேடினார்கள். சாமியார் மடங்களில் கேட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. செல்லப்பாதான் ஏதோ செய்துவிட்டான் என்று ஊரில் பாதிப்பேர் பேச ஆரம்பித்த சமயத்தில் பார்வதியம்மாள் சிவகிரியிலிருந்து வந்து ஸ்டேஷன் வாசலில் நின்றாள்.

"இவன் எங்க டிரைவர். இவன விடுங்க. பாக்டரில வேல கெடக்கு" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிற வழியில் அவனிடம் ஒரு வார்த்தை குறுக்குக்கேள்வி கேட்கவில்லை. "அவுக கடைசியா என்ன சொன்னாக?" என்று மட்டும் கேட்டாள். சொன்னான். கேட்டுக்கொண்டாள்.

பாக்டரியை அவளே நடத்தினாள். செல்லப்பா டிரைவர் என்ற பெயரில் பாதி மேனேஜர் ஆனான். மாடு பூட்டி இழுத்துவந்த காரை அவள் மைதீன் பாயிடம் ஒப்படைத்தாள். இறுகிப்போன இன்ஜினைச் சரிசெய்து, கழற்றின அத்தனையையும் திருப்பி மாட்டச் சொன்னாள். "என்னைக்கு வந்தாலும் எதுவும் கொறையா இருக்கக் கூடாது, பாய்." மைதீன் பாய் மாதக்கணக்கில் உழைத்தார். பாதி உதிரிபாகத்தை அவரே கடைந்து செய்தார். வண்டி ஓடியது, மெதுவாக, சத்தமில்லாமல். அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்துச் சங்கரபாண்டியன் வந்தார். அந்தப் பேச்சைத் தான் பேசாமல் இருந்திருக்கலாம் என்ற வருத்தம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"இப்பம் அமெரிக்காக்காரனும் ஜெர்மன்காரன மாதிரி எல்லாத்தையும் மாட்டித்தான் அளக்கான் அம்மா. அண்ணாச்சி இந்த வண்டிய வாங்குததுக்கு முந்தின வருஷமே மாத்திட்டான். அப்பம் எனக்கும் தெரியாது. ஒரே ராத்திரில அங்கத்த வண்டி எல்லாம் பேப்பருல எளைச்சுப்போச்சு. இன்ஜின் என்னமோ அப்படியேதான் இருக்கு."

பார்வதியம்மாள் யோசித்தாள். "அப்பம் அந்த நூத்திரெண்டுன்னு ஒண்ணு எங்கயுமே இருந்ததில்லையா தம்பி?"

"இருந்தது அம்மா. அந்த ஸ்டாண்டுல, அந்த ரூமுக்குள்ள இருந்தது. ரோட்டுல என்னைக்கும் இருந்ததில்ல."

"ஒண்ணும் பூட்டாம, தனியா ஓடுத ரூமு" என்றாள் அவள் மெதுவாக. "அவுக அங்கனதான் இருக்காக போல."

சங்கரபாண்டியன் காப்பியை முடிக்காமலே எழுந்துவிட்டார்.

காணாமல்போனவர் ஏழு வருஷம் திரும்பாவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதாம். எண்பத்திரண்டில் பாக்டரி விவகாரத்துக்காக, அவரை இறந்தவராக அறிவிக்கக் கேட்டு மனுப்போடும்படி வக்கீல் வற்புறுத்தி, திருநெல்வேலிக் கோர்ட்டுக்கு அவளை வரச் செய்தார். செல்லப்பாதான் அம்பாசடரை ஓட்டினான். உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. பின்னாலேயே வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

"கையெழுத்துப் போடல" என்றாள் அவள், காரில் ஏறிக்கொண்டே. "எப்படிப் போடுவேன்? நேத்து மத்தியானம் வடக்கு அறைல ஒருத்தர் மூச்சுவிடுத சத்தம் கேட்டுச்சு. தூங்குதவுக விடுத மாதிரி, நல்லா நெறஞ்ச மூச்சு. கதவத் தெறக்கல. எழுப்ப வேண்டாம்னு வந்துட்டேன்."

செல்லப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பைத்தியம் பிடித்த முகமாக இல்லை அது. பஞ்சுக்கு விலை சொல்லும்போது இருக்கிற அதே தெளிந்த முகம். வடக்கு அறை அந்தப் பிள்ளையின் அறை என்பதும், பல வருஷமாகப் பூட்டிக்கிடக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"பசிக்குதா அம்மா? டிபன் சாப்பிட்டுப் போவமா?" என்று கேட்டான். வேறென்ன கேட்பது?

"போவம்" என்றாள்.

ஜங்ஷனில் ஒரு ஓட்டலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வரும்போது பாக்டரி வாசலில் பருத்தி ஏற்றிய வண்டிகள் வரிசையில் நின்றன. அவள் இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வண்டிக்காரனிடம் பருத்தி ஏன் ஈரமாக இருக்கிறது என்று சத்தம் போட ஆரம்பித்தாள். செல்லப்பா காரை நிழலில் விட்டுவிட்டு, ஆட்கள் கூட்டமாக நிற்கிற இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டான்.